பிழையிருந்தும் ‘பதிவு முடிந்தது’ என்று காட்டும் படிவம்: காரணமும் தீர்வும்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் தொகுத்துக்கொள்கிறேன். லாராவெல் என்ற பிஎச்பி மொழிக் கட்டமைப்பில் ஒரு பதிவுப் படிவம் எழுதியிருக்கிறீர்கள். பெயர், மின்னஞ்சல், கைப்பேசி எண், கடவுச்சொல், சான்றிதழின் படம் ஆகியவற்றை அது வாங்குகிறது. ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை வைத்து அனுப்பிய காலத்தில் பிழைச் செய்திகள் ஒழுங்காக வந்தன. அதை எடுத்துவிட்டு, உலாவியிலேயே உள்ள ஃபெட்ச் செயற்கூறு கொண்டு எழுதிய பிறகு, மின்னஞ்சலைத் தவறாகக் கொடுத்தாலும் ‘பதிவு முடிந்தது’ என்றே திரையில் வருகிறது; தரவுத்தளத்தில் எதுவும் சேர்வதில்லை; பிழையைக் கையாளும் கேட்ச் பகுதிக்குள் நிரல் நுழைவதே இல்லை. பதிலை ஜேசன் என்ற தரவு வடிவமாகப் படிக்க முயன்றால் ‘எதிர்பாராத <’ என்ற பிழை வருகிறது. வெகுநேரம் திறந்து வைத்த பக்கத்தில் எல்லாவற்றையும் சரியாக நிரப்பிப் பொத்தானை அழுத்தினாலும் எதுவுமே பதிவாவதில்லை என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இறுதியாக, எல்லாப் பிழைகளையும் ‘வெற்றி’ என்று பொருள்படும் 200 என்ற எச்டிடிபி நிலைக் குறியீட்டிலேயே அனுப்பி, உள்ளே வெற்றியா தோல்வியா என்று ஒரு புலம் வைத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

சர்வரில் நீங்கள் எழுதியிருக்கும் சரிபார்ப்பு விதிகள் வேலை செய்கின்றன. தவறான மின்னஞ்சலைச் சர்வர் பிடித்துவிட்டது. தரவுத்தளத்தில் எதுவும் சேராததே அதற்குச் சாட்சி. பிடித்ததை அது சொன்ன விதமும், சொன்னதை உலாவியில் உள்ள உங்கள் நிரல் புரிந்துகொண்ட விதமும் பொருந்தவில்லை. படிவத்தில் பயனர் தவறு செய்வது அன்றாட நிகழ்வு. அந்த நேரத்தில் சர்வர் தருகிற மறுப்பும் ஒரு முறையான பதில்தான். அதை அப்படியே எடுத்துக்கொண்டு, உரிய குறியீட்டுடன், உரிய இடத்தில், உரிய சொற்களில் பயனரிடம் சேர்ப்பதுதான் நீங்கள் செய்யவேண்டிய வேலை. மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

உலாவியின் டெவலப்பர் கருவிகளைத் திறந்து, நெட்வொர்க் பகுதியைப் பார்த்தபடி தவறான மின்னஞ்சலுடன் ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். ஒரு கோரிக்கைக்கு இரண்டு வரிகள் தெரியும். முதல் வரி உங்கள் போஸ்ட் கோரிக்கை, அதாவது தரவை அனுப்புவது. அதன் குறியீடு 302. அடுத்த வரி நீங்கள் எழுதாத ஒரு கெட் கோரிக்கை, அதாவது பக்கத்தைக் கேட்டு வாங்குவது; அதன் குறியீடு 200, அதன் உள்ளடக்கம் உங்கள் படிவப் பக்கத்தின் முழு எச்டிஎம்எல். நடந்தது இதுதான். சரிபார்ப்பு தோற்றதும் லாராவெல், வந்த கோரிக்கை சாதாரணப் படிவ அனுப்புதல் என்று நினைத்து, பிழைகளை செஷனில் (ஒரு பயனருக்கென்று சர்வர் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவில்) வைத்துவிட்டு, ‘வந்த பக்கத்துக்கே திரும்பிப் போ’ என்று 302 சொன்னது. ஃபெட்ச் அந்தத் திருப்பத்தை உங்களைக் கேட்காமல் தானே பின்தொடர்ந்து, படிவப் பக்கத்தைக் கொண்டுவந்து, 200 என்று உங்கள் கையில் கொடுத்தது. நீங்கள், பதில் வந்ததும் இயங்கும் முதல் ‘தென்’ பகுதியிலேயே வெற்றிச் செய்தியைக் காட்டுகிறீர்கள். ஜேசனாகப் படித்தபோது வந்த ‘<’ அந்த எச்டிஎம்எல் பக்கத்தின் முதல் எழுத்து. செஷனில் வைத்த பிழைகள் அடுத்த ஒரே ஒரு கோரிக்கைக்கு மட்டுமே உயிருடன் இருக்கும் என்பதால், ஃபெட்ச் ரகசியமாகச் செய்த அந்தக் கெட் கோரிக்கையிலேயே அவையும் தீர்ந்துவிடுகின்றன. பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தாலும் பிழைகள் தெரியாமல் போவதற்குக் காரணம் அதுவே.

ஜேக்வெரியில் ஏன் வேலை செய்தது என்றால், தன் தளத்துக்கே அனுப்பும் ஒவ்வொரு அஜாக்ஸ் கோரிக்கையுடனும் (பக்கத்தை மாற்றாமல் பின்னணியில் போகும் கோரிக்கை) ஜேக்வெரி ‘எக்ஸ்-ரிக்வெஸ்டட்-வித்’ என்ற ஹெடரை, அதாவது தலைப்புக் குறிப்பை, தானாகச் சேர்த்து அனுப்பும். லாராவெல் அந்த ஹெடரைக் கண்டால், அல்லது அக்செப்ட் ஹெடரில் ஜேசன் வேண்டும் என்று கேட்டிருப்பதைக் கண்டால், திருப்பி அனுப்பாமல் 422 குறியீட்டுடன் ஜேசன் பதில் தரும். ஃபெட்ச் இவற்றில் எதையும் தானாகச் செய்யாது. அதன் இயல்பான அக்செப்ட் ஹெடர் ‘எது வந்தாலும் சரி’ என்பதே. ஆக்ஸியாஸ் என்ற நூலகத்தைப் பயன்படுத்தியவர்கள் இந்தச் சிக்கலைச் சந்திக்காமல் இருப்பதற்கும் அதன் அக்செப்ட் ஹெடரில் ஜேசன் முதலிடத்தில் இருப்பதே காரணம்.

ஆகவே முதல் திருத்தம், ஃபெட்ச் அழைப்பில் அக்செப்ட் ஹெடரை ‘அப்ளிகேஷன்/ஜேசன்’ என்று வெளிப்படையாக வைப்பது. இரண்டாவது, பதில் வந்தவுடன் அதன் ‘ஓகே’ பண்பைப் பார்ப்பது. ஃபெட்ச் தரும் பிராமிஸ் (பின்னர் வரப்போகும் பதிலுக்கான பொருள்), சர்வர் 404 (பக்கம் இல்லை) சொன்னாலும் 500 (சர்வரில் கோளாறு) சொன்னாலும் நிராகரிக்கப்படாது. இணையம் அறுந்தால், வேற்றுத் தள அனுமதி மறுக்கப்பட்டால், அல்லது நீங்களே கோரிக்கையைக் கைவிட்டால் மட்டுமே கேட்ச் பகுதிக்குப் போகும். சர்வரிடமிருந்து ஒரு பதில் வந்துவிட்டால் தன் வேலை வெற்றி என்று அது கருதுகிறது. அந்தப் பதில் நல்லதா கெட்டதா என்று பார்ப்பது நம் பொறுப்பு. ‘ஓகே’ பண்பு 200 முதல் 299 வரை மட்டுமே உண்மையாக இருக்கும். மூன்றாவது திருத்தம், உள்ளடக்கத்தைப் படிக்கும் முன் அது உண்மையிலேயே ஜேசன்தானா என்று கன்டென்ட்-டைப் ஹெடரைப் பார்ப்பது. இதன் தேவை கீழே கோப்புகளைப் பற்றிச் சொல்லும்போது விளங்கும்.

இம்மூன்றையும் செய்தபின், 422 வந்தால் அதன் ஜேசனில் இரண்டு பகுதிகள் இருக்கும்: மொத்தத்துக்குமான ஒரு செய்தி, மற்றும் புலத்தின் பெயரைத் திறவுகோலாகக் கொண்ட பிழைகளின் தொகுப்பு. ஒரு புலத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிழைகள் இருக்கலாம் என்பதால் ஒவ்வொரு திறவுகோலின் மதிப்பும் ஒரு பட்டியல். அதை ஒற்றைச் சொற்றொடர் என்று எண்ணி நேரே திரையில் இட்டால் முதல் பிழையும் இரண்டாம் பிழையும் காற்புள்ளியுடன் ஒட்டிக்கொண்டு வரும். முதலாவதை மட்டும் காட்டுவது பெரும்பாலும் போதும்.

இனி, எல்லாவற்றையும் 200 குறியீட்டில் அனுப்பலாமா என்ற கேள்வி. வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். அந்த மூன்று இலக்கத்தை உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் படிப்பதில்லை. வழியில் இருக்கும் இடைநிலைச் சர்வரான பிராக்ஸி படிக்கிறது. சர்வரின் பதிவேட்டை ஆராயும் கண்காணிப்புக் கருவி படிக்கிறது. நாளை உங்கள் ஏபிஐயை (பிற நிரல்கள் உங்கள் சர்வருடன் பேசும் வாயிலை) வைத்துக் கைப்பேசிச் செயலி எழுதப்போகிறவர் படிக்கிறார். நீங்கள் எழுதும் தானியங்கிச் சோதனைகள் படிக்கின்றன. எல்லாமே 200 என்றால், ஒரு புதிய பதிப்பை வெளியிட்ட இரவில் பாதிப் பதிவுகள் மறுக்கப்பட்டாலும் கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சையாகவே இருக்கும்.

எந்தக் குறியீடு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அது நீண்ட விவாதத்துக்குத் தகுதியானதன்று. வந்த தரவின் வடிவமே உடைந்திருந்தால், எடுத்துக்காட்டாக ஜேசனில் ஓர் அடைப்புக்குறி விடுபட்டிருந்தால், 400. வடிவம் சரி, ஆனால் உள்ளே இருக்கும் மதிப்புகளை ஏற்க முடியவில்லை என்றால் 422. இந்த 422 முதலில் 1999இல் வெப்டாவ் என்ற எச்டிடிபி நீட்டிப்புக்காக வரையறுக்கப்பட்டது. 2022 ஜூனில் வெளிவந்த ஆர்எஃப்சி 9110 என்ற இணையத் தர ஆவணத்தில் எச்டிடிபியின் பொதுக் குறியீடுகளில் ஒன்றாகவே இடம்பெற்றுவிட்டது. நீங்கள் கேட்டது சரியான கோரிக்கைதான், ஆனால் இப்போதைய நிலையோடு மோதுகிறது என்றால், அதாவது நீங்கள் தேர்ந்தெடுத்த இருக்கையை இதற்குள் வேறொருவர் எடுத்துவிட்டார் என்றால், 409. சரிபார்ப்புப் பிழைக்கு 400ஐயே பயன்படுத்தும் அமைப்புகளும் நிறைய உள்ளன. ஒரே செயலியில் ஒரே முறையைக் கடைப்பிடித்தால் அதிலும் குற்றமில்லை. பல குழுக்கள் பயன்படுத்தும் ஏபிஐ என்றால், பிழைப் பதிலின் வடிவத்துக்கென்றே ஆர்எஃப்சி 9457 என்ற பொது வரையறை 2023 முதல் இருக்கிறது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதைவிட அதைப் பின்பற்றுவது நல்லது.

ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் உலாவியே நேரடியாக அனுப்பும் படிவங்களுக்கு வேறு மரபு உண்டு. அங்கே வெற்றி என்றால் திருப்பி அனுப்பவேண்டும். இல்லையேல் பயனர் பக்கத்தைப் புதுப்பிக்கும்போது அதே போஸ்ட் மீண்டும் போய், ஒரே விண்ணப்பம் இரண்டு முறை பதிவாகும். இதற்கென்றே எச்டிடிபி 1.1இல் 303 என்ற திருப்பக் குறியீடு சேர்க்கப்பட்டது. தோல்வி நேர்ந்தால் என்ன செய்வது என்பதில் கட்டமைப்புகள் வேறுபடுகின்றன. லாராவெல் முன் சொன்னபடி செஷன் வழியாகத் திருப்பி அனுப்புகிறது. பைத்தான் மொழிக் கட்டமைப்பான ஜாங்கோவின் வழக்கமான முறையில் அதே பக்கம் பிழைகளுடன் 200இல் மீண்டும் வரையப்படுகிறது. ரூபி மொழிக் கட்டமைப்பான ரெயில்ஸ் 7இல் டர்போ என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவி வந்த பிறகு, தோற்ற படிவத்தை 422 குறியீட்டுடன் வரைந்தால்தான் திரையில் தெரியும். பழைய பழக்கத்தில் 200இல் வரைந்துவிட்டு ‘பொத்தானை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை’ என்று குழம்பியவர்கள் பலர்.

உலாவியிலேயே சரிபார்ப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். கட்டாயப் புலம், மின்னஞ்சல் வகை, குறைந்தபட்ச நீளம் போன்றவற்றை எச்டிஎம்எல் பண்புகளாலேயே சொல்லிவிடலாம். பயனர் சர்வர் வரை போய்வரும் நேரம் மிச்சமாகும். ஆனால் அது பயனருக்குச் செய்யும் உதவி மட்டுமே, பாதுகாப்பாகாது. உலாவியையே திறக்காமல், கர்ல் போன்ற ஒரு கருவியால் உங்கள் முகவரிக்கு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆகவே உலாவியில் உள்ள ஒவ்வொரு விதியும் சர்வரிலும் இருந்தாகவேண்டும். விலை, பயனர் வகை, விண்ணப்ப நிலை போன்றவற்றை மறைபுலத்தில் வைத்து அனுப்பி, வந்ததை அப்படியே நம்பிச் சேமிப்பதை எங்கே கண்டாலும் உடனே மாற்றுங்கள். அவற்றைச் சர்வரே தன் தரவுத்தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டும்.

விதிகள் தவறாக இருந்தால் பிழையைக் காட்டும் முறை எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் பயனில்லை. பெயர்ப் புலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் சில காலம் பராமரித்த ஒரு விண்ணப்பப் படிவத்தில், எந்தப் புலத்தில் மறுப்பு அதிகம் நேர்கிறது என்று புலத்தின் பெயரை மட்டும் எண்ணிவந்தேன். பயனர் இட்ட மதிப்புகளைச் சேமிக்கவில்லை. மின்னஞ்சல்தான் முதலிடத்தில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருந்ததோ பெயர். ஆங்கில எழுத்துகளையும் இடைவெளியையும் மட்டுமே ஏற்கும் ஒரு வடிவக் கோவையை (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) யாரோ என்றோ எழுதியிருந்தார்கள். ‘சரியான பெயரை உள்ளிடவும்’ என்று செய்தி வந்தது. தன் பெயரைத் தமிழில் எழுதியவரிடமும், முன்னெழுத்துக்குப் பின் புள்ளி வைத்தவரிடமும், உங்கள் பெயர் சரியில்லை என்று அந்தப் படிவம் சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் படித்தவர் மனத்தில் என்ன தோன்றியிருக்கும் என்பதை இன்றும் நினைத்து வருந்துகிறேன்.

யூனிகோடு எழுத்துகளை அனுமதிக்கிறேன் என்று எழுதுபவர்களும் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். யூனிகோடில் ‘எழுத்து’ என்பது ஒரு வகை, ‘குறி’ என்பது வேறொரு வகை. தமிழின் உயிர்மெய்க் குறிகளும் மெய்யெழுத்தின் மேற்புள்ளியும் இரண்டாவதில் சேரும். ‘எழுத்து’ வகையை மட்டும் அனுமதித்தால் ‘கமல’ என்பது தேறும். ‘கமலா’ தேறாது, ஏனெனில் துணைக்கால் ஒரு குறி. இரண்டு வகைகளையும் அனுமதிக்கவேண்டும். லாராவெலின் ‘ஆல்ஃபா’ விதி இரண்டையும் ஏற்கிறது. ஆனால் அது இடைவெளியையும் முன்னெழுத்துக்குப் பின் வரும் முற்றுப்புள்ளியையும் ஏற்காது என்பதால் நம் ஊர்ப் பெயர்களுக்கு அதுவும் பொருந்தாது. பெயருக்கு வடிவக் கோவையே தேவையில்லை என்பது என் கருத்து. வெறுமையாக இருக்கக்கூடாது, அளவுக்கு மீறி நீளக்கூடாது என்பவை போதும். திரையில் காட்டும்போது சிறப்புக் குறிகளை முறையாக மாற்றிக் காட்டினால் பாதுகாப்புக்கும் குறைவில்லை. அதேபோல் ‘கடைசிப் பெயர்’ என்பதைக் கட்டாயமாக்காதீர்கள். முன்னெழுத்தும் ஒரே பெயரும் உடைய நம்மவர்கள் அந்தப் புலத்தில் ஒரு புள்ளியையோ தந்தையின் பெயரையோ இட்டுக் கடக்கவேண்டியிருக்கிறது.

நீளத்திலும் இதே சிக்கல் உண்டு. கோபாலகிருஷ்ணன் என்று எழுதிப் பாருங்கள். படிப்பவர் கண்ணுக்கு கோ, பா, ல, கி, ரு, ஷ், ண, ன் என்று எட்டு எழுத்துகள். யூனிகோடு குறியீடுகளாக எண்ணினால் பதினான்கு; யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையின் பைட்டுகளாக எண்ணினால் 42. லாராவெலின் உச்சநீள விதியும், எச்டிஎம்எல் பண்பும், ஜாவாஸ்கிரிப்டின் நீள எண்ணும் இப்பெயரைப் பதினான்கு என்றே எண்ணும். நீங்கள் பத்து என்று எல்லை வைத்துவிட்டு ‘பத்து எழுத்துகளுக்கு மேல் கூடாது’ என்று சொன்னால், எட்டு எழுத்து எழுதியவர் உங்கள் செய்தியை எப்படிப் புரிந்துகொள்வார்? எல்லையைத் தாராளமாக வையுங்கள். எழுத்துகளை எண்ணியே ஆகவேண்டும் என்றால், பிஎச்பியின் இன்ட்டல் நீட்டிப்பில் கண்ணுக்குத் தெரியும் எழுத்தலகுகளை எண்ணும் செயற்கூறு இருக்கிறது. கடவுச்சொல்லில் இது இன்னும் முக்கியம்: கடவுச்சொல்லை மறைத்துச் சேமிக்க லாராவெல் இயல்பாகப் பயன்படுத்தும் பிகிரிப்ட் முறை முதல் 72 பைட்டுகளை மட்டுமே கணக்கில் கொள்ளும், தமிழில் கடவுச்சொல் வைத்தால் அது 24 குறியீடுகளில் முடிந்துவிடும். ‘கொ’ போன்ற எழுத்துகளை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், முன்னும் பின்னும் இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், ஒப்பிட்டால் வேறுபடும். பயனர்பெயர் போல் தனித்திருக்கவேண்டிய மதிப்புகளை ஒப்பிடும் முன் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கைப்பேசி எண்ணுக்கும் இந்தப் பொறுமை தேவை. இந்திய எண் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கம். ஆனால் மக்கள் +91 சேர்த்தும், முன்னால் பூச்சியம் சேர்த்தும், நடுவில் இடைவெளி விட்டும் எழுதுவார்கள். இவற்றை மறுப்பதற்குப் பதில், இடைவெளியையும் கோட்டையும் நீக்கி, முன்னொட்டைப் புரிந்துகொண்டு, ஒரே வடிவத்தில் சேமிப்பது நிரலுக்கு நான்கு வரி வேலை. வெளிநாட்டிலிருந்தும் விண்ணப்பம் வரும் என்றால் நாட்டுக் குறியீட்டைத் தனியே வாங்குங்கள். இலங்கை எண்ணில் +94க்குப் பின் ஒன்பது இலக்கமே இருக்கும். முன்பின் இடைவெளிகளை நீக்குவதை லாராவெல் தானாகவே செய்கிறது, கடவுச்சொல் புலங்களில் மட்டும் கைவைப்பதில்லை. வெற்றுச் சரங்களை அது ‘நல்’ (மதிப்பே இல்லை என்பதன் குறி) ஆக மாற்றிவிடுகிறது. ஆகவே விருப்பப் புலங்களுக்கு, வெறுமையை அனுமதிக்கும் ‘நல்லபிள்’ விதியைச் சேர்க்க மறந்தால், வெறுமையாக விட்ட புலத்துக்கும் ‘இது எண்ணாக இருக்கவேண்டும்’ என்பது போன்ற பிழை வரும்.

செய்தியைக் காட்டும் இடம் அந்தந்தப் புலத்தின் அருகிலேயே இருக்கட்டும். மேலே ஒரு சிவப்புப் பெட்டியில் எல்லாவற்றையும் குவித்தால், கைப்பேசியின் சிறு திரையில் கீழே இருக்கும் புலத்துக்கு வருவதற்குள் மேலே படித்தது மறந்துவிடும். நீண்ட படிவம் என்றால் மேலே ஒரு சுருக்கமும், அதிலிருந்து புலத்துக்குச் செல்லும் இணைப்பும் வைக்கலாம். பிழையுள்ள முதல் புலத்துக்குக் கர்சரைக் கொண்டுபோங்கள். சிவப்பு நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பிழை எந்தப் புலத்தில் என்பதை எழுத்தால் சொல்லவேண்டும் என்பது டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல்தன்மை நெறிமுறையின் 3.3.1 விதி; அது மிக அடிப்படையான ‘ஏ’ நிலையில் வருகிறது. திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்குப் பிழை கேட்கவேண்டுமானால், புலத்தில் ‘ஏரியா-இன்வேலிட்’ பண்பை உண்மை என்று வைத்து, ‘ஏரியா-டிஸ்கிரைப்ட்பை’ பண்பால் செய்தியின் அடையாளத்தைச் சுட்டவேண்டும். இரண்டு பண்புகள்தாம், ஆனால் பார்வையற்ற ஒருவர் அந்தப் படிவத்தைத் தானே நிரப்புவதும், அடுத்தவர் உதவிக்குக் காத்திருப்பதும் இவற்றைப் பொறுத்தே அமையும்.

சொற்களைப் பொறுத்தவரை, என்ன தவறு என்பதோடு என்ன செய்யவேண்டும் என்பதும் இருக்கவேண்டும். ‘தவறான உள்ளீடு’ என்பது யாருக்கும் உதவாது. ‘கைப்பேசி எண்ணில் 9 இலக்கம்தான் உள்ளது, 10 இலக்கம் வேண்டும்’ என்று சொன்னால் அவர் தானே திருத்திக்கொள்வார். பயனர் ஏற்கெனவே இட்டதை அழித்துவிடாதீர்கள். கடவுச்சொல்லைத் தவிர மற்ற எல்லாம் இருந்த இடத்தில் இருக்கவேண்டும். முழுப் பக்கமும் திரும்பி வரும் முறையில் கோப்புப் புலத்தை மட்டும் மீண்டும் நிரப்ப முடியாது. உலாவிகள் அதை அனுமதிப்பதில்லை. அதனால் கோப்பை முதலில் தனியே ஏற்றி ஒரு தற்காலிக அடையாளம் பெற்றுக்கொண்டு, பிறகு படிவத்தை அனுப்புவது நீண்ட விண்ணப்பங்களுக்கு ஏற்ற முறை.

உங்கள் படிவத்தில் சான்றிதழ்ப் படம் இருப்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். படம் உங்கள் நிரலை வந்தடையும் முன் பல வாயில்களைக் கடக்கிறது. முன்னால் நிற்கும் வலைச் சர்வரான என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேற்பட்ட கோரிக்கையை ஏற்காது; 413 என்று சொல்லி, தன்னுடைய எச்டிஎம்எல் பக்கத்தை அனுப்பிவிடும். உங்கள் லாராவெல் நிரலுக்கு அப்படி ஒரு கோரிக்கை வந்ததே தெரியாது. நீங்கள் ஜேசன் கேட்டிருந்தாலும் வருவது எச்டிஎம்எல்தான். கன்டென்ட்-டைப் ஹெடரைப் பார்க்கச் சொன்னது இதற்காகவே. அதைத் தாண்டினால் பிஎச்பியின் எல்லைகள்: ஒரு கோப்புக்கு 2 எம்பி, மொத்தக் கோரிக்கைக்கு 8 எம்பி என்பவை இயல்பான அளவுகள். மொத்த எல்லை மீறப்பட்டால் பிஎச்பி நிரலை நிறுத்தாமல் போஸ்ட் தரவையும் கோப்புகளையும் காலியாகவே நிரலிடம் கொடுக்கும். லாராவெல் இதை முன்கூட்டியே கண்டு 413 தருகிறது. வெறும் பிஎச்பியில் எழுதியவர்களுக்கோ, எல்லாவற்றையும் கவனமாக நிரப்பிய பயனரிடம் ‘பெயர் தேவை, மின்னஞ்சல் தேவை, கைப்பேசி எண் தேவை’ என்று படிவம் முழுவதும் சிவப்பாக வந்து நிற்கும். இன்றைய கைப்பேசிக் கேமரா எடுக்கும் படம் 3 எம்பி, 4 எம்பி என்று எளிதில் போகும். மூன்று எல்லைகளையும் ஒத்திசைவாக உயர்த்துங்கள். கோப்பைத் தேர்ந்தெடுத்த அக்கணமே அதன் அளவை உலாவியில் பார்த்து, பெரிதாக இருந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள்.

மின்னஞ்சல் தனித்திருக்கவேண்டும் என்ற விதியை நீங்கள் ‘யுனிக்’ விதியால் எழுதியிருக்கிறீர்கள். அது தரவுத்தளத்தைக் கேட்டுப் பார்த்து, இல்லை என்றால் அனுமதிக்கிறது. பொத்தானை இரண்டு முறை விரைவாக அழுத்தியவரின் இரண்டு கோரிக்கைகளும் ஒரே நேரத்தில் கேட்டால், இரண்டுக்கும் ‘இல்லை’ என்றே விடை வரும், இரண்டும் சேர்ந்துவிடும். தரவுத்தள அட்டவணையிலேயே தனித்துவக் குறியீட்டெண் (யுனிக் இண்டெக்ஸ்) இருந்தால்தான் இரண்டாவது தடுக்கப்படும். அப்போது தரவுத்தள மென்பொருள்களில் மைஎஸ்கியூஎல் 1062 என்ற பிழையையும், போஸ்ட்கிரெஸ் 23505 என்ற பிழையையும் எழுப்பும். அதைப் பிடித்து, 500 ஆக விடாமல், வழக்கமான 422 பதிலாக மாற்றி ‘இந்த மின்னஞ்சல் ஏற்கெனவே பதிவாகியுள்ளது’ என்று சொல்லுங்கள். பொத்தானை அனுப்பும்போது செயலிழக்கச் செய்வதும் நல்லதே, ஆனால் பதில் எதுவாக இருந்தாலும் அதை மீண்டும் இயங்கச் செய்ய மறக்காதீர்கள். பிழையைத் திருத்தியவர் அழுத்த முடியாத பொத்தானைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக்கூடாது.

வெகுநேரம் திறந்திருந்த பக்கத்தில் எதுவும் பதிவாகாமல் போவதற்குக் காரணம், லாராவெல் தரும் 419 என்ற குறியீடு. லாராவெலில் செஷன் இயல்பாக 120 நிமிடம் உயிருடன் இருக்கும். அதற்குப் பின் பக்கத்தில் உள்ள சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (கோரிக்கை உங்கள் பக்கத்திலிருந்தே வந்தது என்று காட்டும் ரகசியச் சரம்) செல்லாது. சான்றிதழைத் தேடி எடுத்து வருவதற்குள் இரண்டு மணி நேரம் ஆகிவிடுவது நடக்கக்கூடியதுதான். உங்கள் நிரலில் 419க்குத் தனிக் கிளை வையுங்கள்: பக்கத்தைப் புதுப்பிக்காமல், புதிய டோக்கனைப் பின்னணியில் பெற்று, எழுதியவை அப்படியே இருக்க, ஒருமுறை மட்டும் மீண்டும் அனுப்புங்கள். உள்நுழைந்தவர்களுக்கான படிவம் என்றால் ‘உள்நுழையவில்லை’ என்று பொருள்படும் 401 வரலாம். அப்போது எழுதியதை உலாவியில் வைத்துக்கொண்டு உள்நுழையச் சொல்லவேண்டும்.

500, 502, 504 ஆகியவை சர்வர் பக்கக் கோளாறுகள், அவற்றில் பயனரின் தவறு எதுவும் இல்லை; புலங்களைச் சிவப்பாக்காதீர்கள். ‘எங்கள் பக்கத்தில் ஒரு கோளாறு, நீங்கள் எழுதியவை அழியவில்லை’ என்று சொல்லுங்கள். பதிலுக்குக் காத்திருந்து நேரம் கடந்துவிட்டது என்று சொல்லும் 504இலும், இணையம் அறுந்து கேட்ச் பகுதிக்கு வந்த நேரத்திலும் கூடுதல் கவனம் தேவை. சர்வர் வேலையை முடித்துவிட்டு, பதில் மட்டும் வராமல் போயிருக்கக்கூடும். ‘பதிவாகவில்லை’ என்று அங்கே உறுதியாகச் சொன்னால் அது பொய்யாகலாம். படிவம் திறக்கும்போதே ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி ஒவ்வொரு முயற்சியுடனும் அதையே அனுப்பி, சர்வரில் அந்த எண்ணுடன் ஏற்கெனவே பதிவு இருந்தால் புதிதாகச் சேர்க்காமல் பழைய பதிலையே தந்தால், பயனர் எத்தனை முறை அழுத்தினாலும் ஒரு விண்ணப்பமே இருக்கும். பணம் செலுத்தும் படிவம் என்றால் இதைச் செய்யாமல் வெளியிடவே கூடாது.

திருத்தங்களைச் செய்தபின் மீண்டும் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, தவறான மின்னஞ்சலுடன் அனுப்புங்கள். இம்முறை ஒரே வரி, 422 என்று தெரியவேண்டும். பிறகு அக்செப்ட் ஹெடர் இல்லாமல் ஒருமுறை, 10 எம்பி படத்துடன் ஒருமுறை, டோக்கனை அழித்துவிட்டு ஒருமுறை, இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒருமுறை, பெயர்ப் புலத்தில் ‘மு. கோபாலகிருஷ்ணன்’ என்று எழுதி ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் திரையில் என்ன வருகிறது என்பதைக் குறித்து எழுதுங்கள். எது எதிர்பார்த்தபடி இல்லையோ அதன் பதிலில் உள்ள குறியீட்டையும் ஹெடர்களையும் சேர்த்துத் தந்தால் அங்கிருந்து தொடரலாம்.